விளிம்பின் ஒரு பகுதி

சமர்கந்து,
2 செப்டம்பர் 1984

அன்புள்ள முகர்ரம் அக்காவுக்கு,

தங்கை சனோபரின் ஸலாம். வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அது உங்கள் கல்யாணத்தில் ஆடியதால் வந்த வலி என்பதால் அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார். கீவாவில் நீங்களும் மச்சானும் உங்கள் மாமியாரும் நலமா?

உங்கள் ஆய்வேட்டின் முதல் இரண்டு அத்தியாயங்களையும் ரயீசா அக்கா தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார். சூத்திரம் வர வேண்டிய இடங்களையெல்லாம் வெள்ளையாக விட்டிருக்கிறார். நீங்கள் சொல்லிப் போனபடி அவற்றைக் கறுப்பு மையால் நிரப்பி வருகிறேன். நான்கு படிகளிலும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா அறைக்குள் வந்தால்கூடக் கையை நீட்டித் தடுத்துவிடுகிறேன். "என் வீட்டுலயே எனக்குப் போக்குவரத்துப் போலீசா?" என்று கேட்டார்.

அப்பாவின் முடிதிருத்தும் கடையில் ஏப்ரல் மாதம் இப்போதே வந்துவிட்டது. நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும், "எம் பொண்ணு ஏப்ரல்ல தாஷ்கந்துல மேடையேறி ஆய்வ நிலைநாட்டப் போறா. ரெண்டு பரிமாணத்துல இருந்ததத் தூக்கி நாலுக்குக் கொண்டு போயிருக்கா" என்கிறார். நேற்று ஒருவர், "நாலு பரிமாணம்னா என்ன எர்காஷ் அண்ணே?" என்று கேட்டுவிட்டார். அப்பா சவரக்கத்தியை அவர் தொண்டையில் வைத்தபடியே, "ரெண்டவிட ரெண்டு கூட" என்றார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. விருந்துக்கு ஓர் ஆட்டுக்கும் சொல்லி வைத்தாகிவிட்டது.

உங்கள் வழிகாட்டி ஸுஹ்ரித்தீன் தோம்லாவும் வந்திருந்தார். கடைசி அத்தியாயம்தான் உயிர் என்றும், அது தேறிவிட்டால் நம் ஊரிலிருந்து இதைச் செய்த முதல் பெண் நீங்கள்தான் என்றும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அக்கா, நான் எழுதுகிறேனே தவிர, என்ன எழுதுகிறேன் என்று ஒன்றுமே புரியவில்லை. எனக்கு விளங்குகிற மாதிரி எழுதுவீர்களா?

இன்னொன்று. கல்யாணத்தன்று உங்கள் மாமியார் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்கக்கா கணக்குப் போடுறப்போ பேசுவாளா, மாட்டாளா?" "மாட்டாங்க" என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் கடிதத்துக்காகத் தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டுக்கொண்டிருக்கும்,
சனோபர்


கீவா,
19 செப்டம்பர் 1984

என் போக்குவரத்துப் போலீசுக்கு,

அக்காவின் அன்பு. நான் நலம், மச்சான் நலம். அவர் வாய்க்கால் வேலைக்குப் போனால் மூன்று நாளைக்கு ஒருமுறை சேற்றோடு திரும்புகிறார். அப்பாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அம்மாவுக்குத் தலைசுற்றல் குறைந்ததா?

நீ கேட்டதைச் சொல்கிறேன். ஒரு குளத்தை நினைத்துக்கொள். கரையைச் சுற்றி நடந்து, கரையோரத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறாய். ஒழுங்கான குளமாக இருந்தால், நடுவில் இறங்காமலேயே நடுத்தண்ணீர் எப்படியிருக்கும் என்று சொல்லிவிடலாம். தட்டையான தாளில், கலப்பெண்களுக்கு, இது நூற்றைம்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த தேற்றம். நான் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறேன். கரையின் ஒரு பகுதியில் மட்டும்தான் நடக்கலாம் என்றால் என்ன செய்வது? தாளை விட்டுவிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு பகுதிகள் இருக்கிற உலகத்துக்குப் போனால் என்ன ஆகும்? தாளில் முதல் கேள்விக்கு வழி உண்டு. ஒரு எடையால் பெருக்கினால் நாம் காணாத கரையின் குரல் அமுங்கிப்போகும். அதையேதான் நானும் நான்குக்குக் கொண்டுபோகிறேன்.

நான்கில் ஒரு தொல்லை உண்டு. அங்கே பெருக்கலில் வரிசையை மாற்றினால் விடை மாறிவிடும். முதலில் சோப்பு நுரை, பிறகு கத்தி. மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேள்.

இன்னொரு எச்சரிக்கை. கரையின் ஒரு பகுதியை மட்டும் வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லும்போது, கரையில் மயிரிழை தப்பினாலும் நடுக்குளத்தில் ஒட்டகம் அளவுக்குத் தப்பு வரும். அதனால் இந்த வேலையில் அவசரம் ஆகாது.

இங்கே சதகுப்பைக் கீரையைச் சாறு பிழிந்து பச்சைப் பசேலென்று நூடுல்ஸ் செய்கிறார்கள். முதல் நாள் பயந்தேன், இப்போது இரண்டு தட்டு சாப்பிடுகிறேன். எனக்கென்று தனியாக நீலப் பூப்போட்ட ஒரு தேநீர்க் கெண்டி வைத்திருக்கிறார்கள். நானே ஊற்றிக்கொள்கிறேன். மாமியார் பீகாஜான் முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். அடுத்த அறையில் இருப்பவரிடம்கூட லைன் சரியில்லாத மாதிரிதான் பேசுவார். ஆனால் வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "எத்தன காது கேக்கும்னு எனக்குல்ல தெரியும்!" அதனால் நமக்குக் கடிதம்தான்.

அன்புடன்,
முகர்ரம்


பருத்திக்காட்டு முகாம்,
14 அக்டோபர் 1984

அன்புள்ள அக்கா,

ஸலாம். நான் சுகம், விரல்கள்தான் சுகமில்லை. பருத்திக் காய் முள்ளாய்க் குத்துகிறது. எங்கள் வகுப்பு மொத்தமும் பருத்தி பறிக்க வந்து, இரண்டு வாரமாகக் கூட்டுப்பண்ணைப் பள்ளிக்கூடத்தில் தரையில் வரிசையாகப் படுக்கிறோம். நீங்களும் மச்சானும் நலமா? உங்கள் ஊரிலும் எல்லோரும் பருத்தியில்தானே இருப்பார்கள்?

உங்கள் குளத்துக் கதையை என் தோழி மவ்ஜூதாவுக்குச் சொன்னேன். "ஒங்கக்கா நீச்சல் கத்துக்கிட்டிருந்தா இந்தக் கஷ்டமே இல்லையே" என்றாள். அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பிறகு அவள் மூட்டையில் பருத்தி குறைந்ததால் நான்தான் இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

அக்கா, முகாமுக்கு வருமுன் கடைசியான மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்கியிருந்தேன். ஓரிடத்தில் நின்றுவிட்டேன். உங்கள் கையெழுத்துப் பிரதியில் நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து எப்போதும் ஒரே வரிசைதான். நீங்கள் கரு என்று பெயரிட்டிருக்கும் குறி இடது பக்கம், கரையின் துண்டு நடுவில், சார்பு வலது பக்கம். ஐம்பத்தேழாம் பக்கத்தில் அந்த எடை வருகிறது. முதல் வரியில் அது சார்பை ஒட்டி நிற்கிறது. அடுத்த வரியில் கரையின் துண்டையும் தாண்டி, கருவுக்கும் இடது பக்கம் போய் நிற்கிறது. நடுவில் ஏன் போனது என்று எதுவும் எழுதவில்லை. வரிசை மாறினால் விடை மாறும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? எது சரி, எதை எழுதட்டும்? என் கண்ணில்தான் கோளாறு என்றால் மன்னித்துவிடுங்கள்.

பொழுது சாய்கிறது, எடை போடக் கூப்பிடுகிறார்கள். இது பருத்தி எடை.

உங்கள்,
சனோபர்


கீவா,
12 நவம்பர் 1984

அன்புள்ள சனோபர்,

நலம். அங்கும் நலம்தானே? விரலுக்கு எண்ணெய் தடவிக்கொள்.

ஐம்பத்தேழாம் பக்கத்திலிருந்து எதையும் நிரப்பாதே. வெள்ளையாகவே இருக்கட்டும். தோம்லாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அப்பாவிடமும்.

குளிர் வந்துவிட்டது. மச்சான் வாய்க்காலில் இருக்கிறார். மத்தியானங்களில் நானும் மாமியாரும் ஆளுக்கொரு கெண்டியோடு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். வெகுநேரம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

முகர்ரம்


சமர்கந்து,
25 நவம்பர் 1984

அன்புள்ள அக்கா,

ஸலாம். முகாமிலிருந்து வந்துவிட்டோம். அப்பாவின் கால் தேறிவிட்டது. அம்மா புதிதாக மாதுளை ஜாம் போட்டிருக்கிறார். நீங்கள் நலமா? நிஜமாகவே நலமா?

உங்கள் கடிதம் பத்தே வரி. நிரப்ப வேண்டாம் என்ற வரிகளை மட்டும் விட்டுவிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா, "குளிர்ல கை வெறச்சிருக்கும்" என்றார். அப்பா, "பெரிய மூளைக்காரங்க சுருக்கமாத்தான் எழுதுவாங்க" என்றார்.  வெள்ளைப் பக்கங்களை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நேற்று தோம்லா தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா கடைசி அத்தியாயம்? மார்ச் மொதல் வாரம் தாஷ்கந்துக்குப் போயாகணும்." மை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு முழுப் புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார்! இனி என்ன பொய் சொல்வதென்று தெரியவில்லை.

அக்கா, உங்களால் எழுத முடியாதது ஏதாவது இருந்தால் ஒரு வெற்றுத் தாளையாவது அனுப்புங்கள். நான் புரிந்துகொள்வேன்.

சனோபர்


சமர்கந்து,
22 டிசம்பர் 1984

பெருமதிப்பிற்குரிய பீகாஜான் அம்மா அவர்களுக்கு,

முகர்ரமின் தங்கை சனோபர் பணிவோடு ஸலாம் சொல்லி எழுதுகிறேன். தாங்களும் தங்கள் இல்லத்தில் அனைவரும் பூரண நலத்தோடு இருக்க வேண்டுகிறேன். நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மா, நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. பெரியவர்களுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் தெரிந்த சிறு பகுதியிலிருந்து முழுவதையும் கண்டுபிடிக்கும் முறையை அக்காவிடமே கற்றேன். அக்காவுக்குத் தங்கள் வீட்டில் தனிக் கெண்டி. அவரே ஊற்றி அவரே குடிக்கிறார். தங்களோடு உட்கார்ந்தாலும் பேச்சில்லை. ஆய்வேட்டை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார். ஆறு வாரமாகக் கடிதமே இல்லை. கல்யாணத்தன்று தாங்கள் கேட்ட கேள்வியும் எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் ஊரில் வீட்டு மனிதர்கள் எல்லோருக்கும் ஒரே கெண்டி. மூத்தவரோ இளையவரோ ஊற்றித்தர, பியாலாக் கிண்ணத்தைக் கை மாற்றிக் குடிப்போம். தனியாக ஒருவருக்கு வைத்தால் அவரை ஒதுக்கிவிட்டோம் என்று பொருள். அக்கா என்ன தவறு செய்திருந்தாலும் அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் ரொட்டியை அடுப்பில் கருக விட்டால், அந்த நேரத்தில் நான்கு பகுதி எண்களை நினைத்துக்கொண்டிருப்பார். வேண்டுமென்று செய்ய மாட்டார். தயவுசெய்து அவர் ஏப்ரலில் மேடையேற அனுமதியுங்கள்.

எங்களிடம் ஆறு பியாலா கொள்ளும் பெரிய கெண்டி ஒன்று இருக்கிறது. தேவையென்றால் அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சனோபர்


கீவா,
8 ஜனவரி 1985

சமர்கந்தா? கேக்குதா? கீவாலேர்ந்து பேசறேன்.

சுகமா இருக்கியா கண்ணு? அப்பா, அம்மா சுகமா? நாங்க எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம். வெளிய பனி, அமுதரியா ஆத்தோரமெல்லாம் உறஞ்சு கெடக்கு.

ஒன் லெட்டரப் படிச்சு நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துட்டா. மொதல்ல கெண்டி விஷயம். எங்க குவாரிஸ்ம் பக்கம் விருந்தாளியோ வீட்டு ஆளோ, ஆளுக்கொரு கெண்டி. எனக்கொண்ணு, எம் மகனுக்கொண்ணு, ஒங்கக்காவுக்கொண்ணு. தேடித் தேடி வாங்கினதுல நல்லது அவளோடதுதான். ஒருத்தருக்குத் தனியா கெண்டி வெக்கலேன்னாதான் இங்க அவமானம். கல்யாணத்துக்கு ஒங்க ஊருக்கு வந்தப்போ ஒரே கெண்டிய எட்டுப் பேருக்குச் சுத்தி விட்டீங்க. பியாலால வேற அடியில கொஞ்சூண்டு. பாவம், பொண்ணு வீட்டுக்காரங்க கடன்ல இருக்காங்கபோலன்னு நான் வாயே தெறக்கல! நீ ஒங்க கெண்டிய அனுப்பாத. அதுல எங்க வீட்டு ஒருத்தருக்குத்தான் வரும்.

ரெண்டாவது, அந்தக் கேள்வி. முப்பது வருஷம் ரெண்டு காதுலயும் அடுத்தவங்க பேச்சு. வீட்டுக்கு வர்றவளாவது கொஞ்சம் பேசாம இருக்கணுமேன்னுதான் கேட்டேன். பேச மாட்டான்னதும் மனசு குளுந்துபோச்சு. அதான் அந்த "ம்".

மூணாவது, ஒங்கக்காவ யாரும் எதையும் நிறுத்தச் சொல்லல. ரொட்டிய அவ கருக்குறது உண்மைதான், அதுக்கென்ன, ஓரத்தச் செதுக்கிட்டுத் திங்கறோம். ஆனா அவ ஏதோ ஒண்ணுல மாட்டிக்கிட்டிருக்கா. என்னன்னு எங்கிட்ட சொன்னா. ஒங்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நிலையத்துல கேட்டது நிலையத்தோட போகணும், அதான் என் தொழில். நீயே நேரா கேளு. கிட்டத்தட்ட எல்லா ட்ரங்க் கால்லயும் மொதல் மூணு நிமிஷம் சுகம் விசாரிச்சே போயிடும். விஷயத்துக்கு வர்றப்போ நேரம் முடிஞ்சு நான்தான் கட் பண்ணுவேன். நீ அப்படிப் பண்ணாத.

வெக்கறேன்.
பீகாஜான்


சமர்கந்து,
20 ஜனவரி 1985

அக்கா,

உங்கள் மாமியார் சொன்னபடி சுகம் விசாரிக்காமலே தொடங்குகிறேன். மன்னிக்கவும்.

கெண்டி விஷயத்தில் நான் மயிரிழை தப்பி, ஒட்டகம் அளவுக்குத் தப்பு செய்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். வாயில் தலைத்துணி நுனியை அடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "எட்டுப் பேருக்கு ஒரே கெண்டி வெச்சத அந்தம்மா மனசுல வெச்சிருக்கா பாரு" என்று சந்தையிலிருந்து மூன்று சின்னக் கெண்டி வாங்கி வந்துவிட்டார்.

அவர் உங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. என்ன அக்கா அது? நான் கேட்ட அந்தக் கேள்வியா? தேதிகளைப் பார்த்தேன். என் அக்டோபர் கடிதத்துக்குப் பிறகுதான் நீங்கள் மாறினீர்கள். நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?

அப்பா இதுவரை அறுபது பேரை விருந்துக்கு அழைத்திருக்கிறார். முடி வெட்ட வராத வழுக்கைத் தலையர்களையும் வீடு தேடிப் போய் அழைக்கிறார். தோம்லா அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். நான் எதைக் காட்டுவது?

சனோபர்


கீவா,
4 பிப்ரவரி 1985

என் அருமைச் சனோபர்,

நீ எதையும் கெடுக்கவில்லை. கெட்டுக் கிடந்ததைப் பார்த்தாய்.

உன் கேள்வி வந்தபோது ரொட்டி மாவு கையோடு படித்தேன். முதலில் சிரித்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். தாளில் எடையை எங்கே நகர்த்தினாலும் கேட்க ஆளில்லை. வருடக்கணக்காக அங்கேயே வேலை பார்த்த கை, நான்கிலும் பழக்கத்தில் நகர்த்திவிட்டது. நகர்த்தாமல் விட்டாலும் தப்பவில்லை. தாளில் இரண்டு நல்ல சார்புகளைப் பெருக்கினால் நல்ல சார்பே வரும். நான்கில் வராது. என் எடையால் பெருக்கிய கணத்திலேயே சார்பு கெட்டுவிடுகிறது. ஐம்பத்தேழிலிருந்து கடைசிப் பக்கம்வரை எதுவும் நிற்காது. அதாவது தேற்றமே இல்லை.

இதை யாரும் பார்க்கவில்லை, சனோபர். தோம்லா பார்க்கவில்லை. மதிப்பீட்டாளர்கள் இருவரும் கைப்பிரதியைப் படித்தே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். போன வருட மாநாட்டுக் குறிப்பில் அச்சாகியும்விட்டது. நீ இரண்டில் எந்த வரிசையில் எழுதினாலும் ஏப்ரலில் எனக்குப் பட்டம் கிடைத்துவிடும். "ஏதோ ஒன்றை எழுது" என்று உனக்கு இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அடுப்பில் போட்டேன். அப்பாவின் நாற்காலியை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும். உன் கையெழுத்தில் அந்தப் பொய்யை நினைத்தால் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் எழுதவில்லை.

மாமியாரிடம் ஒரு நாள் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு, "தப்பான நம்பருக்குப் போட்டுட்டே. அவ்வளவுதானே? எடுத்துட்டு மறுபடி போடு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மறுநாளிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தேன்.

இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது. அதாவது, இதுவரை நான் சுட்டெடுத்த ரொட்டிமேல் உப்பைத் தூவிக்கொண்டிருந்தேன். உப்பை மாவிலேயே பிசைய வேண்டும். சார்பைத் தொடவே கூடாது. கருவை உண்டாக்குவதற்கு முன்பே, அது எதிலிருந்து பிறக்கிறதோ அதில் எடையைக் கலந்துவிட வேண்டும். பிறகு கரு இடது, கரைத்துண்டு நடு, சார்பு வலது. யாரும் இடம் மாற வேண்டியதில்லை. நான்குக்கு மட்டுமல்ல, எத்தனை பரிமாணத்துக்கும் இது போகும்போல் இருக்கிறது. ஆனால் காணாத கரை சமதரையாக இருந்தால்தான் செல்லும். ஒரு சமனின்மையும் இன்னும் பிடிபடவில்லை. மார்ச்சுக்குள் முடியாது.

இத்துடன் தோம்லாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தபாலில் அவருக்கு நேரே அனுப்பத் தைரியம் வரவில்லை. நீ கொண்டுபோய்க் கொடு. பக்கத்திலேயே நின்று அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு அப்படியே எழுது. மறைக்காதே.

அப்பாவிடம் நீ சொல்ல வேண்டாம். அது நான் சொல்ல வேண்டியது. அவருக்கான கடிதம் கீழே மடித்திருக்கிறது.

அம்மாவின் தலைசுற்றலைப் பற்றி நீ எழுதவே இல்லை. அதையும் எழுது.

முகர்ரம்


சமர்கந்து,
19 பிப்ரவரி 1985

அன்புள்ள அக்கா,

ஸலாம். அம்மாவின் தலைசுற்றல் போய்விட்டது. கண்ணாடி மாற்றினார், அதோடு சரி.

தோம்லா வீட்டில் சாப்பாட்டு நேரம். அவர் மனைவி என்னைப் புலாவ் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். தோம்லா உங்கள் கடிதத்தைப் படித்தார். முகம் முதலில் வெளுத்தது. பிறகு காது சிவந்தது. பிறகு எழுந்துபோய் தன்னிடமிருந்த கைப்பிரதியின் ஐம்பத்தேழாம் பக்கத்தை எடுத்து வந்தார். ஓரத்தில் "சரி" என்று அவரே சிவப்புப் பென்சிலில் போட்டிருந்தார்! அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 

திடீரென்று தட்டு அதிரும்படி மேஜையைத் தட்டினார். "நாலு மாசம்! நாலு மாசமா இத வெச்சுக்கிட்டு ஒத்தையா உக்காந்திருக்கா! எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேரா உக்காந்திருக்கலாமே!"

அவர் மனைவி, "சொல்லியிருந்தா நீங்க கத்தியிருப்பீங்க" என்றார்.

"கத்தத்தான் செய்வேன்!"

"இப்பவும் கத்துறீங்க. கேக்குற பொண்ணு யாரு, பாவம், பள்ளிக்கூடத்துப் புள்ள."

அவர் என்னைப் பார்த்துத் தணிந்தார். பிறகு உங்கள் கடிதத்தின் கடைசித் தாளைத் திருப்பி, உப்பை மாவில் பிசைகிற இடத்தைப் படித்தார்.  மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை. மேஜை விரிப்பிலேயே பென்சிலால் எழுத ஆரம்பித்துவிட்டார். "ஐயோ, என் விரிப்பு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் நிமிர்ந்து, "இது பழசவிட அழகா இருக்கு" என்றார். சத்தியமாக அப்படியே சொன்னார், ஒரு சொல் கூட்டவில்லை. ஏப்ரல் இல்லை, நவம்பர் என்று தாஷ்கந்துக்கு அவரே எழுதுகிறாராம். அந்தச் சமனின்மையைப் பற்றி உங்களோடு சண்டை போட ஒரு யோசனை இருக்கிறதாம், தனியாக எழுதுவார்.

அப்பா உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தார். நான் வாசலில் நின்றேன். படித்து முடித்துச் சவரக்கத்தியை வெகுநேரம் வாரில் தீட்டினார். பிறகு நாற்காலியில் இருந்தவரிடம், "ஏப்ரல் இல்ல, நவம்பர்" என்றார். "ஏன் அண்ணே?" என்று அவர் கேட்டார். "எம் பொண்ணு ஒரு தப்பக் கண்டுபிடிச்சிருக்கா. பெரிய பெரிய ஆளுங்க பாக்காத தப்பு." "யாரோட தப்பு?" "அவளோடதுதான்" என்றார் அப்பா, அதே குரலில். அறுபது பேருக்கும் முடி வளர்ந்து அவர்கள் திரும்ப வரும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறார். ஆட்டுக்காரரிடம், "நவம்பர்வரைக்கும் தின்னட்டும், நல்லாக் கொழுக்கும்" என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

சனோபர்


தாஷ்கந்து,
29 நவம்பர் 1985

என் சனோபருக்கு,

அக்காவின் அன்பும் முத்தமும். நான் நலம். இன்றுதான் முழுதாக நலம் என்று சொல்ல வேண்டும். உனக்குச் சளி விட்டதா? பரீட்சை இருக்கிறதென்று உன்னை அழைத்துவராதது எனக்குத்தான் நஷ்டம். அப்பா நாளை ரயிலேறுகிறார், இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் வாயால் கேட்பதற்கு முன் இதைப் படித்துவிடு, அவர் சொல்வதில் பாதி நடக்காதது.

மண்டபம் பனிக்கட்டியாக இருந்தது. நடுவர் குழு மேலங்கியோடே உட்கார்ந்திருந்தது. நான் பேசி முடித்தேன். கரும்பலகையில் உன் அழகில் வராவிட்டாலும் வரிசை தவறாமல் எழுதினேன். பிறகு கேள்விகள். கடைசி வரிசையில் ஒரு பெரியவர், அதுவரை தூங்குகிறார் என்றே நினைத்தேன், எழுந்து நின்றார். கையில் போன வருட மாநாட்டுக் குறிப்பு.

"இதுல எந்த வடிவக் கரை காணாமப் போனாலும் செல்லும்னு அறிவிச்சிருக்கீங்க. இன்னிக்குச் சமதரைக்கு மட்டும்னு சொல்றீங்க. பரிமாணம் பெருகியிருக்கு, தேற்றம் சுருங்கியிருக்கு. ஏன்?"

இதற்கு நானும் தோம்லாவும் சேர்ந்து ஒரு பதில் தயார் செய்திருந்தோம். நீளமான, மரியாதையான பதில். "மேலும் நுணுகி ஆராய்ந்ததில்" என்று தொடங்கும். வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"ஏன்னா அது தப்பு" என்றேன்.

 அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. பெரியவர் காதில் கையை வைத்து, "எது?" என்றார்.

"அந்தக் குறிப்பு. நான் எழுதினது. நிரூபணம் நிக்காது. அந்தத் தேற்றம் உண்மையா பொய்யான்னு இன்னிக்கு எனக்குத் தெரியாது. இன்னிக்குக் காட்டினது நிக்கும்."

தோம்லா எழுந்தார். "நானும் அதுல 'சரி'ன்னு போட்டேன். குறிப்புல எழுதிக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. மூணு மாசமா எங்க ஓட்டைன்னு தேடிட்டிருந்தேன். ஒக்காரலாமா?" என்றார். மண்டபம் சிரித்தது.

வாக்கெடுப்புக்காக எங்களை வெளியே அனுப்பினார்கள். அப்பா தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தார். தோம்லா சுவரைப் பார்த்து நின்றார். எனக்கு ஒன்று நடந்தது, சனோபர். பசித்தது. ஒரு வருடமாக இப்படிப் பசித்ததில்லை. வயிற்றைக் கிள்ளுகிற, காது அடைக்கிற பசி. படியிறங்கிப் போனேன். எதிர்ச்சாரியில் ஒரு கிழவர் தந்தூர் அடுப்பிலிருந்து சம்சா எடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டிறைச்சியும் வெங்காயமும், நெய் மணிக்கட்டுவரை வழிந்தது. ஒன்று தின்றேன். "இன்னொண்ணா மகளே?" என்றார். தலையாட்டினேன்.

மூன்றாவதைக் கடிக்கும்போது தாழ்வாரத்து ஜன்னல் திறந்து அப்பா தெருவே அதிரும்படி கத்துகிறார். "முகர்ரம்! எங்கடி போனே? எல்லாரும் ஒன்னத் தேடுறாங்க! எல்லா ஓட்டும் ஒனக்குத்தான்!"

பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய இருந்தது.

உன் அக்கா,
முகர்ரம்